ஊமைப்படக் காமெடி ஏன் பழசாகவில்லை?

கேள்வி இது: “சாப்ளின், கீட்டன் படங்களை நூறு வருஷம் கழித்தும் மேதைமை என்கிறார்கள். யூடியூபில் சிலவற்றைப் பார்த்தேன். எல்லோரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள், விழுகிறார்கள், பின்பக்கம் உதைக்கிறார்கள். என் பத்து வயதுப் பையன் உருண்டு புரண்டு சிரிக்கிறான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழசு என்பதால் வரும் மரியாதையா, இல்லை நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதிலிருந்து தொடங்குவது?”

நிஜமாகவே இருக்கிறது. ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்களும் எனக்குப் போதவில்லை. மொழி தேவையில்லை, அதனால் எல்லோருக்கும் புரியும் என்பது ஒன்று. புரிவது வேறு, சிரிப்பு வருவது வேறு. டிராபிக் சிக்னல்கூடத்தான் எல்லோருக்கும் புரிகிறது. இன்னொன்று, அது வெள்ளந்தியான காலம் என்பது. அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பசி, வாடகை பாக்கி, துரத்தும் போலீஸ், எந்த நேரமும் போய்விடக்கூடிய வேலை, இவைதான் அந்தக் கதைகளின் கச்சாப்பொருள்.

நான் சொல்லும் காரணம் வேறு. நல்ல ஊமைப்படக் காமெடியில் சிரிப்புக்கு வேண்டிய சாமான் முழுவதும் உங்கள் கண்முன்னே பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு கனம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது எதன்மேல் விழப்போகிறது, எல்லாவற்றையும் நீங்கள் பார்க்கிறீர்கள். கணக்கை நீங்களே போடுகிறீர்கள், விடை சரிதான் என்று உங்கள் கண்ணே சாட்சி சொல்கிறது. வசனக் காமெடி அந்தந்த ஊரின், அந்தந்த வருஷத்தின் பேச்சை நம்பி நிற்பது. பத்து வருஷத்தில் அதில் பாதி விளக்கம் கேட்கும். புவியீர்ப்பு விசைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதற்குள் போவதற்கு முன், நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி என்பதைப் பேசியாக வேண்டும். உங்கள் அதிருப்தியில் பாதிக்கு அதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

அந்தக் காலத்து கேமராவைக் கையால் சுழற்ற வேண்டும். ஒரு விநாடிக்கு 16 பிரேம், 18, 20, இருபதுக்கும் மேலே என்று படத்துக்குப் படம், காட்சிக்குக் காட்சி வேகம் மாறும். பேசும் படம் வந்த பிறகு ஒலிக்காக விநாடிக்கு 24 பிரேம் என்று நிலையாக வைத்தார்கள். பிறகு பழைய படங்களை எடுத்து அதே 24-இல் ஓட்டினார்கள். விளைவு, சாதாரணமாக நடக்கிறவர்கள் எறும்பு கடித்த மாதிரி துள்ளுகிறார்கள். துரத்தல் காட்சிகளில் மட்டும் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி வேகம் கூட்டுவது அவர்களுடைய உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் டீ ஊற்றும் காட்சியும் அதே வேகத்தில் போனால் அது பிரதியின் கோளாறு.

இசையும் அப்படித்தான். ஊமைப்படம் தியேட்டரில் பெரும்பாலும் ஊமையாக ஓடியதில்லை. சின்ன கொட்டகையில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் முழு ஆர்கெஸ்ட்ரா, ஏதோ ஒன்று உண்டு. 1920-களின் படங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம். ஏற்றுகிறவர் கைக்குக் கிடைத்த ஒரு டிங்-டிங் பியானோவை முழுப் படத்துக்கும் ஓட்டிவிடுவார். சோகக் காட்சியிலும் அதே டிங்-டிங். அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் ரசிக்க முடியாது, ஒலியை அணைத்துவிடுவதே மேல். புதுப்பிக்கப்பட்ட பிரதியா, சரியான வேகமா, இதை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பஸ்டர் கீட்டனிடமிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சுலபம், ஏனென்றால் நான் சொன்ன ‘கண்முன் கணக்கு’ அவரிடம்தான் அப்பட்டமாகத் தெரியும்.

கீட்டன் 1895-இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் மேடை விகடக் கலைஞர்கள். விவரம் தெரியும் முன்பே பையனையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் நிகழ்ச்சியே. எறிய வசதியாகச் சட்டையில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் கூரை அதிர்கிறது என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டார். பிற்பாடு உலகமே பேசிய அந்தச் சிரிக்காத முகம் அங்கே உருவானது. 1917-இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் மூலம் சினிமாவுக்கு வந்தார், மூன்றே வருஷத்தில் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

அவருடைய ‘தி ஜெனரல்’ அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடக்கும் கதை. 1862-இல் உண்மையாகவே நடந்த ரயில் கடத்தலை வைத்து எழுதியது. எஞ்சின் டிரைவரான நாயகன், தன் எஞ்சினைத் திருடிக்கொண்டு போகிறவர்களை இன்னொரு எஞ்சினில் தனியாளாகத் துரத்துகிறான். முன்னால் போகிறவர்கள் தண்டவாளத்தில் பெரிய மரக்கட்டைகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இவன் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு, இறங்கி முன்னால் ஓடி, ஒரு கட்டையைப் பெயர்த்துத் தூக்குகிறான். தூக்கிய நேரம் எஞ்சின் வந்து முட்டி, முன்பக்கத்துத் தடுப்புச் சட்டத்தில் அவனை அள்ளி உட்காரவைத்துவிடுகிறது. மடியில் ஆள் கனமுள்ள கட்டை, கீழே ஓடும் தண்டவாளம். எதிரே இன்னொரு கட்டை கிடக்கிறது, அதன் ஒரு முனை தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இறங்க நேரமில்லை. கையில் இருப்பதைத் தலைக்குமேல் தூக்கி, கிடப்பதன் நீட்டிய முனைமேல் போடுகிறான். அது நெம்புகோலாகி, இரண்டு கட்டைகளும் ஒரே சமயத்தில் தெறித்து விழுகின்றன. ரயில் போய்க்கொண்டே இருக்கிறது.

இதில் எங்கே வெட்டு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முக்கியமான இடத்தில் இல்லை. ஓடுவது நிஜ எஞ்சின், உட்கார்ந்திருப்பது கீட்டனே. வெட்டி ஒட்டிக் காட்டியிருந்தால் ‘சினிமாவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று மனசு ஒதுங்கிக்கொள்ளும். முழு உருவமும் முழு இடமும் ஒரே ஷாட்டில் தெரிவதால் ஒதுங்க வழியில்லை. அந்த அரை விநாடிக்குள் ‘மாட்டிக்கொண்டான்’ என்று நம் மூளை முடிவுகட்டுகிறது, நாம் நினைக்காத ஒரு சரியான விடையை அவன் சொல்லிவிடுகிறான். அப்போது வரும் சிரிப்பில் கொஞ்சம் வியப்பும், தீர்க்க முடியாத கணக்கைப் பக்கத்து பெஞ்சுக்காரன் போட்டு முடித்ததைப் பார்க்கும் சந்தோஷமும் கலந்திருக்கும்.

1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் அந்தச் சுவர் காட்சியை நீங்கள் துண்டுத் துண்டாகவாவது பார்த்திருப்பீர்கள். புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து கீட்டன்மேல் விழுகிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து இறங்க, அவர் அப்படியே நிற்கிறார். சுவர் இரண்டு டன் எடை என்று சொல்வார்கள். தோள்களுக்கும் சட்டத்துக்கும் இடையே சில அங்குல இடைவெளிதான். காலடி ஒரு சாண் நகர்ந்திருந்தால் அவரை அள்ளித்தான் எடுத்திருக்க வேண்டும். இதே யோசனையைச் சின்ன அளவில் 1920-இலேயே ‘ஒன் வீக்’ படத்தில் செய்து பார்த்திருந்தார். ஆனால் எனக்கு அங்கே பிடித்தது ஆபத்து இல்லை, அதற்கப்புறம் அவர் செய்வது. சுற்றுமுற்றும் பார்க்கிறார், கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறார், விழுந்த சுவரைத் திரும்பிப் பார்க்கிறார், பிறகுதான் ஓட்டம் பிடிக்கிறார். அதிர்ச்சி அவருக்கு நமக்கப்புறம்தான் வருகிறது.

கழுத்து என்றதும் ஒரு கிளைக்கதை. 1924-இன் ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். கொட்டிய தண்ணீரின் வேகத்தில் தண்டவாளத்தில் தலை மோதி விழுந்தார். கொஞ்ச நாள் தலைவலி, அவ்வளவுதான் என்று வேலையைத் தொடர்ந்தார். பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த மருத்துவர்தான், எப்போது கழுத்து எலும்பை உடைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாராம். அந்த ஷாட் படத்தில் இன்றும் இருக்கிறது.

இவர்கள் காமெடியை எப்படித் தயாரித்தார்கள் என்பதற்கு 1925-இன் ‘செவன் சான்ஸஸ்’ நல்ல உதாரணம். மணப்பெண் கோலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் துரத்த, கீட்டன் மலைச்சரிவில் ஓடுவதோடு காட்சி முடியும். படத்தை வெளியிடும் முன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரிதாக எடுபடவில்லை. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் திடீர்ச் சிரிப்பு. என்னவென்று படச்சுருளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், ஓடும்போது தற்செயலாகக் கால்பட்டு இரண்டு மூன்று கற்கள் உருண்டு இவர் பின்னாலேயே வந்திருக்கின்றன. உடனே பேப்பர் கூழில் சின்னதும் பெரியதுமாக ஏராளமான பாறைகள் செய்து, திரும்பப் போய், மலையே துரத்துகிற மாதிரி எடுத்துச் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்தப் படம் நினைவில் நிற்பதே அந்தக் காட்சியால். எழுதிவைத்த வசனம் இல்லை என்பதால் இதெல்லாம் சாத்தியமானது. கதை காகிதத்தில் இல்லை, எது சிரிப்பை வரவழைக்கிறதோ அது கதை.

ஹரால்ட் லாய்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் கண்ணாடிக்காரர் அவர்தான், படம் 1923-இன் ‘சேஃப்டி லாஸ்ட்’. அந்த உயரம் பொய்யா என்றால் பாதிப் பொய். நிஜக் கட்டடங்களின் மொட்டைமாடிமேல் கட்டடத்தின் முகப்பைப் போல ஒரு செட் போட்டு, கீழே தெரு தெரியும் கோணத்தில் கேமராவை வைத்தார்கள். செட்டுக்குக் கீழே மெத்தை போட்ட ஒரு மேடை உண்டு, மேடைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. தூரத்துக் காட்சிகளில் ஏறியது கட்டடம் ஏறுவதையே தொழிலாக வைத்திருந்த பில் ஸ்ட்ரோதர். லாய்டுக்கோ, 1919-இல் புகைப்படம் எடுக்கும்போது போலி என்று நினைத்துப் பிடித்த வெடிகுண்டு நிஜமாகவே வெடித்ததில் வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டிருந்தன. கையுறைக்குள் செயற்கை விரல்களை வைத்து மறைத்துக்கொண்டுதான் அந்த முள்ளைப் பிடித்தார்.

ஆனால் அந்தப் படத்தின் புத்திசாலித்தனம் உயரத்தில் இல்லை. கதைப்படி அந்தக் கட்டடத்தில் ஏற வேண்டியவன் நாயகனின் நண்பன். நண்பனை ஒரு போலீஸ்காரர் துரத்துகிறார். ‘நீ ஒரு மாடி மட்டும் ஏறு, அதற்குள் இவரைக் கழற்றிவிட்டு நான் வந்துவிடுகிறேன்’ என்கிறான் நண்பன். அடுத்த மாடியிலும் அதே பேச்சு. இன்னும் ஒன்றே ஒன்று, அதற்கடுத்து இன்னும் ஒன்று என்று கடைசிவரை நாயகனே ஏறுகிறான். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏணி நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது சாப்ளின். கீட்டனா சாப்ளினா என்ற பட்டிமன்றம் ரசிகர்களிடையே ஓயாது. எனக்கு அதில் ஆர்வமில்லை, ஏனென்றால் இருவரும் செய்வது வேறு வேறு காரியம். கீட்டன் பொருளின் கனத்தையும் வேகத்தையும் வைத்து விளையாடுகிறார். சாப்ளின் ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறார்.

1916-இன் ‘தி பான்ஷாப்’ ஒரு இருபத்தைந்து நிமிடக் குறும்படம். அடகுக்கடையில் வேலை பார்க்கும் சாப்ளினிடம் ஒருவர் அலாரக் கடிகாரத்தை அடகு வைக்கக் கொண்டுவருகிறார். முதலில் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கடிகாரத்தின் நெஞ்சில் வைத்துக் கேட்கிறார். விரலால் தட்டிப் பார்க்கிறார், டாக்டர்கள் முதுகில் தட்டுவார்களே அதேபோல. முகத்தில் கவலை. பிறகு டின் திறக்கும் கருவியை எடுத்து மூடியை வெட்டித் திறந்து, முகர்ந்து, முகம் சுளிக்கிறார். அந்த நொடியில் அது கெட்டுப்போன மீன் டப்பா. உள்ளே இருக்கும் சுருள்கம்பியை இழுத்து, ரிப்பன் விற்பவர் போல மூக்கிலிருந்து கைநீளம் அளக்கிறார். மேஜையில் கொட்டிய சக்கரங்களும் கம்பிகளும் புழுமாதிரி நெளிகின்றன, அவற்றின்மேல் எண்ணெய் விட்டு அடக்குகிறார். கடைசியில் எல்லாவற்றையும் வாரி, வந்தவரின் தொப்பியில் போட்டு, வருத்தத்தோடு தலையாட்டி, எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுக்கிறார்.

அடகு வைக்க வந்தவர் இதையெல்லாம் வாய்பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவருடைய முகத்தையும் கவனியுங்கள். நடித்தவர் ஆல்பர்ட் ஆஸ்டின். டாக்டர், நகைக்கடைக்காரர், மெக்கானிக் என்று நிபுணர் வேஷம் போட்டவர் முன்னால் சொத்தைக் கொடுத்துவிட்டு விழிக்கும் சாமானியனின் முகம் அது. இந்தக் காட்சிக்கு எந்தக் காலம், எந்த நாடு என்று சொல்லுங்கள்?

சாப்ளினின் உச்சம் என்று ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைச் சொல்வேன். வெளிவந்தது 1931-இல், பேசும் படங்கள் சந்தையைப் பிடித்த பிறகு. அதில் ஒரு கதைச் சிக்கல். கண் தெரியாத பூக்காரி, நாடோடியை (சாப்ளினின் வழக்கமான வேஷம்) பணக்காரன் என்று நம்ப வேண்டும். பார்க்க முடியாதவள் எப்படி நம்புவாள்? வசனம் இருந்தால் ஒரு வரி போதும். வசனம் இல்லாத படத்தில் இந்தக் காட்சிக்காகச் சாப்ளின் 300-க்கும் மேல் டேக் எடுத்தார். பல மாதங்கள் விடை கிடைக்காமல் திண்டாடினார்.

கடைசியில் கிடைத்த விடை ஒரு கார்க்கதவு. சாலையில் நெரிசல். போலீஸைத் தவிர்க்க நாடோடி, நின்றிருக்கும் ஆடம்பரக் காரின் ஒரு கதவு வழியாக ஏறி மறுகதவு வழியாக நடைபாதையில் இறங்கி, கதவைச் சாத்துகிறான். அந்தச் சத்தம் கேட்டுப் பூக்காரி திரும்பிப் பூவை நீட்டுகிறாள். அவன் வாங்கும்போது பூ கீழே விழுகிறது. அவன் எடுத்துவிட்டான், அவள் இன்னும் தரையில் தேடுகிறாள். அப்போதுதான் அவளுக்குக் கண் தெரியாது என்பது அவனுக்குப் புரிகிறது. காசைக் கொடுக்கிறான். அவள் மீதிச் சில்லறை எடுப்பதற்குள் காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார். சில்லறை வாங்காமலே ஐயா போய்விட்டார் என்று நினைக்கிறாள். நாடோடி மூச்சுவிடாமல், பூனைநடை நடந்து, ஓரமாகப் போய் உட்கார்ந்து அவளையே பார்க்கிறான். உருகிப்போய்ப் பார்க்கும்போதே, பூத்தொட்டியைக் கழுவிய தண்ணீரை அவன் முகத்தில் விசிறி ஊற்றுகிறாள்.

முழுக்க முழுக்க ஒரு கதவுச் சத்தத்தை நம்பி நிற்கும் காட்சி, அதில் அந்தச் சத்தமே கிடையாது. கதவு சாத்துவதைக் கண்ணால் பார்த்து, அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று நாம் யோசிக்கிறோம். நாம் அறிந்தது, அவன் அறிந்தது, அவள் அறிந்தது மூன்றும் வேறு வேறாக இருப்பதை ஒரு வார்த்தை இல்லாமல் புரியவைத்துவிடுகிறார். கண்ணீர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் வந்து விழுவதில்தான் சாப்ளினின் கை தெரிகிறது.

மொழி விஷயத்தையும் விட்டுவிட முடியாது. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மாற்றினால் போதும், படம் எந்த நாட்டிலும் ஓடும். வியாபாரத்துக்கு அது பெரிய வசதி. 1914-இல் நாடோடி வேஷம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது, 1916-இல் மியூச்சுவல் நிறுவனம் சாப்ளினுக்கு வாரம் 10,000 டாலர் சம்பளம், மேலே 150,000 டாலர் போனஸ் என்று ஒப்பந்தம் போட்டது. இரண்டே வருஷம். 1936-இன் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் நாடோடியின் குரல் முதலும் கடைசியுமாக ஒரு பாட்டில் கேட்கும். பாட்டு வரிகளைச் சட்டைக் கைமடிப்பில் எழுதி வைத்திருப்பான், ஆடத் தொடங்கியதும் கைமடிப்பு கழன்று பறந்துவிடும். வேறு வழியில்லாமல் எந்த மொழியும் அல்லாத உளறலில் பாடுவான், எல்லோருக்கும் புரியும். ஊரெல்லாம் பேச ஆரம்பித்தபின் சாப்ளின் கொடுத்த பதில் அது. அந்தப் படத்துக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1931-இல் லண்டனில் காந்தியைச் சந்தித்தபோது, இயந்திரங்களை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சாப்ளின் கேட்டிருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து, தொழிலாளிக்குச் சோறு ஊட்டும் இயந்திரம் பைத்தியம் பிடித்து ஆடும் காட்சி வந்தது. அதனால்தான் இது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்த உரையாடலை மறந்துவிட்டுப் பார்க்க எனக்கு முடிவதில்லை. தமிழில் வசனமே இல்லாமல் வந்த ‘பேசும் படம்’ (1987) பார்த்தவர்களுக்கு இந்த வகை புதிதாக இருக்காது.

லாரல்-ஹார்டி ஜோடியை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஊமைப்படக் காமெடி என்றால் வேகம் என்ற எண்ணம் அங்கே தவிடுபொடியாகிவிடும். 1929-இன் ‘பிக் பிசினஸ்’ படத்தில் இருவரும் கலிஃபோர்னியா வெயிலில் வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். ஜேம்ஸ் ஃபின்லேசன் நடித்த வீட்டுக்காரர் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார், மரத்தின் கிளை கதவில் மாட்டிக்கொள்கிறது. மறுபடி மணி, மறுபடி கதவு. பொறுமையிழந்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டுகிறார். இவர்கள் யோசித்து, நிதானமாக, அவர் கதவில் கொஞ்சம் சுரண்டுகிறார்கள். அவர் வந்து இவர்கள் உடைமையில் ஒன்றை உடைக்கிறார். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை! கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக வேடிக்கை பார்த்துவிட்டு, தன் முறை வந்ததும் கிளம்புகிறார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே நிற்கிறார். பத்தொன்பது நிமிடத்தில் ஒரு வீடும் ஒரு காரும் தரைமட்டம். அபார்ட்மென்ட் பார்க்கிங் சண்டை எதையாவது முழுசாகப் பார்த்தவர்களுக்கு இதில் மிகை எதுவும் தெரியாது.

இத்தனை சொன்ன பிறகு, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1912-இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தின் படங்களில் பெரும்பாலானவை இன்று எனக்கும் சலிப்புதான். ஓட்டம், உதை, செங்கல் வீச்சு. யார் யாரை ஏன் உதைக்கிறார் என்பதுகூடத் தெரியாது. அங்கேயும் மேபல் நார்மண்ட் வந்தால் நிமிர்ந்து உட்காருவேன். நடித்தார், இயக்கினார், சாப்ளின் புதுசாக வந்த காலத்தில் அவரையே இயக்கினார். அவருக்குச் சேர வேண்டிய பெயர் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்வதும் அந்தக் காலப் படங்களில் உண்டு, ‘செவன் சான்ஸஸ்’ உட்பட. ‘தி ஜெனரல்’ நாயகனே அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்பகுதியின் ஆள், படத்தில் அடிமைமுறை என்ற பேச்சே இல்லை. பையனோடு பார்க்கும்போது இவற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் பாருங்கள், காலம் அப்படி என்று தாண்டிப்போகாதீர்கள்.

நமக்குக் கிடைப்பது அழிந்ததுபோக மிஞ்சியது என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்க ஊமைப் படங்களில் 1912 முதல் 1929 வரை வந்த சுமார் 11,000 முழுநீளப் படங்களைக் கணக்கெடுத்து, அசல் வடிவில் முழுசாக மிஞ்சியது 14 சதவீதம்தான் என்று அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்டது. படச்சுருள் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் மக்கும். பேசும் படம் வந்தபின் இவற்றால் காசு இல்லை என்று நிறுவனங்களே அழித்ததும் உண்டு. லாரல்-ஹார்டி ஆயிரக்கணக்கான கிரீம் பலகாரங்களை (pie) வீசிக்கொள்ளும் 1927-ஆம் வருஷப் படத்தின் இரண்டாம் ரீல் 2015-இல்தான் கிடைத்தது.

கீட்டனின் கதையும் இதில் சேரும். 1928-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார், படங்கள்மேல் இருந்த பிடி போயிற்று, குடி சேர்ந்துகொண்டது. ‘தி ஜெனரல்’ வெளியானபோது வசூலில் தோற்ற படம். 1949-இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி ‘லைஃப்’ பத்திரிகையில் ஊமைப்படக் காமெடியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை பலரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 1950-களில், கீட்டன் முன்பு குடியிருந்த வீட்டை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே அடைபட்டுக் கிடந்த படப்பெட்டிகளைக் கண்டெடுத்தார். 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் மொத்த அரங்கும் எழுந்து நின்று கைதட்டுவதைக் கீட்டன் தன் கண்ணாலேயே பார்த்தார், அதற்கடுத்த வருஷம் காலமானார். ஜாக்கி சானின் ‘ப்ராஜெக்ட் ஏ’ (1983) படத்தில் கடிகாரக் கோபுரத்திலிருந்து அவர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். லாய்டிடமிருந்தும் கீட்டனிடமிருந்தும் எடுத்துக்கொண்டதை அவரே மறைப்பதில்லை. உங்கள் பையன் பார்க்கும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் ஒரு பூனை சுவரில் மோதி நின்று, ஒரு கணம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறதே, அந்தப் பார்வை ஹார்டியுடையது.

எதிலிருந்து தொடங்குவது? முழுநீளப் படத்தில் கை வைக்காதீர்கள். முதல் நாள் கீட்டனின் ‘ஒன் வீக்’. புதுமணத் தம்பதி பெட்டிப்பெட்டியாக வந்த வீட்டைத் தாங்களே பொருத்துகிறார்கள், போட்டிக்காரன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். கடைசியில் வீட்டை இழுத்துப் போகும்போது அது தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ளும், ரயில் வரும். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது ‘பிக் பிசினஸ்’, மூன்றாவது ‘தி பான்ஷாப்’. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. பிடித்திருந்தால் ‘சேஃப்டி லாஸ்ட்’, அப்புறம் ‘சிட்டி லைட்ஸ்’. ‘தி ஜெனரல்’ கடைசியில் இருக்கட்டும். அது விழுந்து விழுந்து சிரிக்கவைக்கும் படம் இல்லை, வாய் பிளக்கவைக்கும் படம். கைவசம் வாய்த்த பெரிய திரையில், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாத படத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தாலும் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகும், காதால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது.